பாம்புக் கூண்டின் சூடு: கேள்விகளும் பதில்களும்

குளிர்காலம் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் சூட்டைப் பற்றித்தான். டொராண்டோவில் 18 வருடமாகப் பால் பைத்தானும் (பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு) கார்ன் ஸ்னேக்கும் (விஷமில்லாத ஒல்லியான பாம்பு) வளர்க்கிறேன். இப்போது வீட்டில் 6 பாம்புகள் இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய நேரத்தில் போங்கள் என்றுதான் சொல்வேன். சமீபத்தில் வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பால் பைத்தான் குட்டி வாங்கினோம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்ட வெப்பமானி 30 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் 5 வாரமாக எலியைத் தொடவில்லை. எப்போதும் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்திலேயே சுருண்டு கிடக்கிறது. (மிசிசாகாவிலிருந்து)

முதலில் அந்த வட்ட வெப்பமானியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அது ஒட்டியிருக்கும் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்கிறது, அதையும் பெரும்பாலும் சரியாகச் சொல்வதில்லை. உங்கள் பாம்பு கண்ணாடியின் நடுவிலா தொங்கிக்கொண்டிருக்கிறது? தரையில், பதுங்கிடத்துக்குள் கிடக்கிறது. அங்கேதான் அளக்க வேண்டும்.

ஒயரின் முனையில் ப்ரோப் (சூட்டை உணரும் சின்ன முனை) உள்ள டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்குங்கள். ஒன்றைச் சூடான பக்கத்துப் பதுங்கிடத்தின் தரையிலும், மற்றதைக் குளிர்ந்த பக்கத்துப் பதுங்கிடத்தின் தரையிலும் வையுங்கள். வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், அது நனையும் அளவுக்குத் தண்ணீர், இரண்டையும் கலக்கி ப்ரோப்பை உள்ளே விடுங்கள். சில நிமிடத்தில் 0 டிகிரி காட்ட வேண்டும். 2 காட்டினால் அந்த வெப்பமானி 2 டிகிரி கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம். என்னிடம் இருப்பவற்றை வருடத்துக்கு ஒருமுறை இப்படிச் சோதிக்கிறேன்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியும் நல்லதுதான், ஆனால் அது மேற்பரப்பின் சூட்டை மட்டுமே அளக்கும். கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே குறி வைத்தால் கண்ணாடியைத்தான் அளக்கும். கதவைத் திறந்து அளக்க வேண்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சூடான பக்கம் அளவுக்கு மீறிச் சுடுகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். கிண்ணத்தை ஒட்டியே கிடக்கும் பாம்பு சூட்டிலிருந்து ஒதுங்கியிருக்கலாம், உடம்பில் உண்ணியும் இருக்கலாம். செதில்களின் இடுக்கில், கண்ணைச் சுற்றி, மிளகுப்பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். அது இல்லையென்றால் அளந்து சரிசெய்துவிட்டு, ஒரு வாரம் கையில் எடுக்காமல் விட்டு, பிறகு எலி கொடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். வளர்ந்த பால் பைத்தான் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பதுண்டு, எடை குறையாவிட்டால் அதில் பயமில்லை. குட்டிக்கு அந்த அளவு தாங்கும் சக்தி கிடையாது. எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரியான வெப்பநிலை எத்தனை டிகிரி? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஒரே எண்ணைத் தேடுவதால்தான் இந்தக் குழப்பம். பாம்பு தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, இடம் மாறித்தான் சரிசெய்துகொள்கிறது. இரை செரிக்க வேண்டுமென்றால் சூடான இடத்துக்குப் போகும், போதும் என்றால் குளிர்ந்த இடத்துக்கு நகரும். கூண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சூடு படிப்படியாக இறங்கிக்கொண்டே போக வேண்டும். கூண்டு முழுக்க ஒரே 30 டிகிரி என்றால் அதற்குப் போக்கிடம் இல்லை.

பால் பைத்தானின் பூர்வீகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. சூடான பக்கத்தின் தரை 32 முதல் 33, குளிர்ந்த பக்கம் 25 முதல் 26, இரவில் எங்குமே 24க்குக் கீழே போகாமல் வைத்திருக்கிறேன். கார்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, குளிரைக் கொஞ்சம் தாங்கும். அதற்குச் சூடான பக்கம் 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 22 முதல் 24. இரவில் 20 ஆனாலும் பரவாயில்லை.

இதில் முக்கியமானது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான பதுங்கிடம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒளிய இடம் இருந்தால், சூடு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பாம்பு அங்கேயே கிடக்கும். அதற்குச் சூட்டைவிடப் பாதுகாப்புதான் பெரிது. சூடு பிடித்துப்போய் அங்கே இருக்கிறது என்று நாம் தப்பாக நினைத்துக்கொள்வோம்.

ஹீட் மேட்டுக்கு (கூண்டைச் சூடாக்கும் மின்விரிப்பு) தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) அவசியமா? என் கார்ன் ஸ்னேக்கின் அடிவயிற்றில் இரண்டு செதில்கள் பழுப்பாகிவிட்டன. மேட்டை நேரடியாகப் ப்ளக்கில்தான் செருகியிருக்கிறேன்.

இதைப் படித்ததும் மேட்டை அணைத்துவிடுங்கள். பழுப்பு நிறம் தீக்காயமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் இன்றோ நாளையோ கொண்டுபோங்கள். நீங்களாக மஞ்சளோ எண்ணெயோ தடவாதீர்கள். காயம் ஆறும்வரை மரச்சீவலை எடுத்துவிட்டு, அச்சில்லாத வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள்.

கட்டுப்பாடு இல்லாத மேட் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். சுடுகிறதே, விலகிப்போகாதா என்று கேட்பீர்கள். அடியிலிருந்து மெல்ல ஏறும் சூட்டிலிருந்து பாம்பு நேரத்துக்கு விலகுவதில்லை, பல நேரம் வயிறு வெந்துபோகும்வரை அதன் மேலேயே படுத்திருக்கும். சூடாகும் கல் என்று விற்கிறார்களே, அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. காரணம் இதுதான்.

மேட்டுக்குச் சாதாரண ஆன்–ஆஃப் தெர்மோஸ்டாட் போதும். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டருக்குப் பல்ஸ் வகை (மின்சாரத்தை விட்டு விட்டுச் சிறு துடிப்பாகக் கொடுப்பது) நல்லது. பல்புக்கு டிம்மர் வகை (மின்சாரத்தை மெல்லக் கூட்டிக் குறைப்பது) வேண்டும், இல்லையென்றால் அணைந்து அணைந்து எரிந்து பல்பு சீக்கிரம் போய்விடும். ஹீட்டரோ பல்போ கூண்டுக்குள் இருந்தால் கம்பிக்கூடு போட்டே ஆக வேண்டும், பாம்பு அதன்மேல் சுற்றிக்கொள்ளும். மேட்டைக் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் வைத்தால் மேலே மரச்சீவலைக் கெட்டியாகக் கொட்டாதீர்கள். மேலே அளக்கும்போது சரியாகத்தான் இருக்கும், பாம்பு குடைந்து அடிக்கண்ணாடியில் போய்ப் படுக்கும்போதுதான் சுடும். மரக்கூண்டுக்கு வெளியே அடியில் மேட் ஒட்டவே கூடாது. மரம் சூட்டை உள்ளே விடாது, தேங்கும் சூடு தீப்பிடிக்கும் அபாயம்வரை போகும்.

தெர்மோஸ்டாட் வாங்கியதோடு வேலை முடிவதில்லை. ஆரம்ப நாட்களில் என் பெண் பைத்தான் ப்ரோப்பை இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டது. ப்ரோப் தண்ணீரின் சூட்டைப் பார்த்து ‘குளிராக இருக்கிறது’ என்று சொல்ல, மேட் நிற்காமல் ஓடியிருக்கிறது. வேலையிலிருந்து வந்து பார்த்தபோது பதுங்கிடத்தின் தரை 43. நல்லவேளையாக அது குளிர்ந்த பக்கம் போய் ஒண்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ப்ரோப்பின் ஒயரைப் பாம்பு கிளப்ப முடியாதபடி க்ளிப் போட்டு இறுக்கிவிடுகிறேன். கூண்டுக்குள் ஒட்டும் டேப் வேண்டாம். அது பாம்பின் தோலில் ஒட்டினால் செதிலோடு வரும். தெர்மோஸ்டாட்டின் எண்ணை மட்டும் நம்பாமல் தனி வெப்பமானியையும் தினமும் பாருங்கள்.

இரவில் சிவப்பு பல்பு போடலாமா? பாம்புக்குச் சிவப்பு தெரியாது என்று கடையில் சொன்னார்கள்.

வேண்டாம். அதற்கு வெளிச்சம் தெரியும், இரவு பகல் குழம்பும். இரவில் சூடு தேவைப்பட்டால் செராமிக் ஹீட்டர் போதும்.

எலி தின்று இரண்டாம் நாள் என் கார்ன் ஸ்னேக் கக்கிவிட்டது. திரும்ப எப்போது கொடுக்கலாம்?

10 முதல் 14 நாள் காத்திருங்கள், அதற்கு முன் வேண்டாம். கக்கும்போது வயிற்றின் அமிலமும் வெளியே வருவதால் உள்ளே புண்பட்டிருக்கும். அதுவரை தண்ணீர் மட்டும். அடுத்தது வழக்கத்தில் பாதி அளவுள்ள எலியாக இருக்கட்டும்.

காரணத்தையும் தேடுங்கள். தின்ற 48 மணி நேரத்துக்குள் கையில் எடுத்தீர்களா? எலி பெரிதா? இரண்டும் இல்லையென்றால் சூடான பக்கத்தை அளந்து பாருங்கள். சூடு போதாவிட்டால் செரிமானம் நின்றுபோய் இரை வயிற்றுக்குள்ளேயே அழுக ஆரம்பிக்கும், பாம்புக்கு அதை வெளியே தள்ளுவதைத் தவிர வழியில்லை. இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவர்.

குளிர்காலத்தில் கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

2013 டிசம்பரில் டொராண்டோவில் பனிமழை பெய்து, மரங்கள் ஒடிந்து மின்கம்பிகள் மேல் விழுந்தது இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். டிசம்பர் 22 விடியற்காலை எங்கள் தெருவில் கரண்ட் போனது. 3 நாள் வரவில்லை. வீட்டுக்குள் 11 டிகிரி ஆகிவிட்டது. அப்போது என்னிடம் 4 பாம்புகள்.

ஒவ்வொன்றையும் தனித்தனித் தலையணை உறையில் விட்டு முடிச்சுப் போட்டு, மீன்கடையில் கிடைத்த தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தேன். கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வைத்தேன். பாம்பின் மேல் படாமல் நடுவில் மடித்த போர்வை ஒன்று. மூடியில் சின்னத் துளைகள் போட்டேன். உள்ளே ஒரு ப்ரோப்பும் இருந்தது. 3 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினேன், இரவிலும் அலாரம் வைத்து எழுந்தேன். பெட்டிக்குள் 23, 24 என்று நின்றது. அது சௌகரியமான சூடு இல்லை, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத சூடு.

மூன்று பாம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காவதுக்கு முந்தின நாள் மாலைதான் எலி கொடுத்திருந்தேன். இரண்டாம் நாள் இரவு கக்கிவிட்டது, தேற ஒரு மாதம் ஆனது. அதனால் இப்போது எலியை ஃப்ரீசரிலிருந்து எடுக்கும் முன் வானிலை அறிவிப்பைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அடுத்த 3 நாளில் புயல் என்றால் இரை கிடையாது. வயிறு காலியாக இருக்கும் பாம்பு குளிரைச் சமாளிக்கும், இரை உள்ள பாம்பால் முடியாது.

கரண்ட் போன உடனே கூண்டைப் போர்வையால் மூடுங்கள், கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். பால் பைத்தானுக்குச் சில மணி நேரம் 22 டிகிரி என்பதால் ஒன்றும் ஆகிவிடாது. வீட்டுக்குள் கரி அடுப்பு, கேம்ப் அடுப்பு எரித்து அறையைச் சூடாக்க மட்டும் முயலாதீர்கள். அந்தப் புகையின் விஷவாயுவால் மனிதர்களே இறந்திருக்கிறார்கள்.

என் பாம்பின் மூக்கோரம் சின்னச் சின்னக் குமிழி வருகிறது, மூச்சு விடும்போது ‘கீச்’ சத்தம். சூட்டை ஏற்றினால் சரியாகிவிடுமா?

ஆகாது. சுவாசத் தொற்றாக இருக்கலாம், வாயைத் திறந்து மூச்சுவிட ஆரம்பித்துவிட்டால் இன்னும் மோசம். மருந்து வேண்டும், நாள் கடத்தாதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது காரை முன்கூட்டியே சூடாக்கிவிட்டு, பாம்பைத் துணிப்பையில் விட்டு, பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள்.

நான் சென்னையில் இருக்கிறேன் அக்கா. இங்கே பிரச்சினை நேர்மாறு. மே மாதம் என் அறை மதியம் 37. பால் பைத்தான் சூட்டுப் பிராணிதானே, தாங்குமா?

தாங்காது தம்பி. ஆப்பிரிக்காவிலும் அது பகல் வெயிலில் காய்வதில்லை, எலி வளைக்குள்ளும் புற்றுக்குள்ளும் இருந்துவிட்டு இரவில்தான் வெளியே வரும். கூண்டில் எங்கு போனாலும் 35க்கு மேல் என்ற நிலை பல மணி நேரம் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. வாயைப் பிளப்பது, தலையை வானத்தைப் பார்ப்பது போல வளைப்பது, நிலைகொள்ளாமல் மோதிக்கொள்வது எல்லாம் கடைசிக் கட்ட அறிகுறிகள்.

கத்திரி முடியும்வரை ஹீட்டர் தெர்மோஸ்டாட்டில் இருக்கட்டும், தேவையில்லாதபோது தானாக அணைந்துகொள்ளும். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை என்றால் கூண்டைக் கீழ்த்தளத்துக்கு, தரைமட்டத்துக்கு மாற்றுங்கள். ஏசி இருந்தால் 27ல் வையுங்கள். மின்விசிறி மட்டும் போதாது. நமக்கு வேர்ப்பதால் காற்று பட்டதும் குளிர்கிறது, பாம்புக்கு வேர்க்காது, 37 டிகிரிக் காற்று அதற்கு 37 டிகிரிதான். ஒரு மண்சட்டியை ஊறவைத்து, விளிம்பில் வாசல் உடைத்துத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் அருமையான பதுங்கிடம், உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறையும். ஐஸ் பாட்டில் வைத்தால் துணி சுற்றிக் கூண்டின் வெளிப்புறம் ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று. பால் பைத்தான் சைட்டஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். செய்யாமலிருந்தால் செய்துவிடுங்கள். கூடவே, வயலில் இருக்கும் மண்ணுளிப் பாம்பைப் பிடித்து வளர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது, அது குற்றம். அதைவிட, அந்தப் பாம்பு இப்போதே தன் வளையில் சரியான சூட்டில்தான் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

என் மகளுக்கு 9 வயது. பாம்பு குளிரும்போது நடுங்குமா என்று கேட்கச் சொன்னாள்.

நல்ல கேள்வி கண்ணம்மா! பெரும்பாலான பாம்புகள் நடுங்காது. குளிர்ந்தால் மெதுவாகிவிடும், அவ்வளவுதான். ஆனால் பர்மிய மலைப்பாம்பு போன்ற சில மலைப்பாம்புகளின் அம்மா வேறு மாதிரி. முட்டைகளைச் சுற்றி வளைந்து படுத்துக்கொண்டு, உடம்பின் தசைகளை விட்டு விட்டு இழுத்து அசைக்கும். பார்ப்பதற்கு விக்கல் மாதிரி இருக்கும். அந்த அசைவில் சூடு பிறந்து முட்டைகளுக்குப் போகும். 1841லேயே பாரிஸில் இதை வெப்பமானி வைத்து அளந்தார்கள். 1966ல் நியூயார்க் விலங்கியல் பூங்காவிலும் அளந்து, சுற்றியிருக்கும் காற்றைவிட அம்மாவின் உடம்பு பல டிகிரி சூடாக இருப்பதை உறுதிசெய்தார்கள்.

உங்கள் வீட்டுப் பால் பைத்தான் முட்டையைச் சுற்றிப் படுத்துக் காக்கும், ஆனால் இப்படி நடுங்கிச் சூடு உண்டாக்காது. அதற்குச் சூடு தருவது உங்கள் வேலை. தினமும் காலையில் பள்ளிக்குப் போகும் முன் இரண்டு வெப்பமானியையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வை. ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, நானும் பார்க்கிறேன்.