மேல் வீட்டுச் சத்தம்: கூரையில் கை வைக்கும் முன்

கேள்வி: இரவுப் பணிக்குப் போகிறேன், பகலில்தான் தூக்கம். மேல் வீட்டில் குழந்தைகள் ஓடுவதும் நாற்காலி இழுப்பதும் என் படுக்கையறையில் அப்படியே கேட்கிறது. கூரை முழுக்க ஃபோம் ஷீட் ஒட்டினேன், பலனே இல்லை. ஃபால்ஸ் சீலிங் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பகலில் தூங்கியே ஆக வேண்டியவருக்கு இது எவ்வளவு பெரிய வேதனை என்று புரிகிறது. ஆனால் இன்னொரு முறை பணம் வீணாகக் கூடாது.

ஃபோம் ஷீட் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். வெளியிலிருந்து வரும் சத்தத்தை மறிக்க எடை வேண்டும், அது ஃபோமுக்குக் கிடையாது. முட்டை அட்டையும் அப்படித்தான். உங்களுக்குக் கேட்பது காற்றில் வரும் பேச்சுச் சத்தமும் இல்லை. குதிகால் பட்டதும் கான்கிரீட் தளமே அதிர்கிறது, அந்த அதிர்வு சுவர் வழியாகவும் இறங்குகிறது. தளத்துக்குள் போன பிறகு அதைப் பிடிப்பது கஷ்டம். போகும் முன்பே, அதாவது அவர்கள் வீட்டுத் தரையிலேயே தடுப்பது சுலபம்.

ஆகவே முதலில் மேலே போய்ப் பேசுங்கள். புகாராகச் சொல்ல வேண்டாம். நடப்பவருக்குத் தன் காலடி கீழே எப்படி இடிக்கிறது என்று தெரியவே தெரியாது. ஒரு விடுமுறை நாளில் அவர்களைக் கூப்பிட்டு உங்கள் அறையில் உட்கார வையுங்கள், மேலே ஒருவரை நாற்காலி இழுக்கச் சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள்: நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்ட முடியுமா, குழந்தைகள் ஓடும் இடத்தில் தடித்த கார்ப்பெட்டும் அதன் அடியில் ரப்பர் விரிப்பும் போட முடியுமா? நீங்கள் தூங்கும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். செலவை நீங்களே ஏற்றாலும் ஃபால்ஸ் சீலிங்கை விடக் குறைவுதான்.

அதற்கும் வழியில்லை என்றால் சீலிங் போடலாம், ஆனால் வழக்கமானது வேண்டாம். இரும்புச் சட்டத்தை நேராகத் தளத்தில் முடுக்கினால் அதிர்வு அதன் வழியாகவே இறங்கிவிடும். ரப்பர் அல்லது ஸ்பிரிங் வைத்த ஹேங்கரில் தொங்கவிடச் சொல்லுங்கள். இடைவெளியில் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு), கீழே ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு. போர்டு சுவரைத் தொடக் கூடாது. ஓரத்து இடுக்கை, காய்ந்தாலும் இறுகாத சீலன்ட்டால் அடைக்க வேண்டும். லைட்டுக்காகப் போர்டில் ஓட்டை போட விடாதீர்கள். இதற்கு 10 முதல் 15 செ.மீ. உயரம் போகும். இவ்வளவு செய்தும் குதிகால் இடி குறையுமே தவிர, முழுக்க மறையாது. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல இருக்கும். அந்த அளவு கிடைத்தாலே நல்ல வேலை என்பேன். 'ஒரு சத்தமும் வராது' என்று உறுதி தருபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, ஒட்டிய ஃபோமைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். பல ஃபோம் ஷீட்டுகள் சட்டென்று தீப்பிடித்து நச்சுப் புகை விடும். தூங்கும் அறையின் கூரையில் அது இருக்கவே கூடாது.