தைராய்டு நார்மல், கண் ஏன் மங்குகிறது?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. தைராய்டு அதிகமாகச் சுரப்பதால் ஓராண்டாக கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது ரத்தப் பரிசோதனை நார்மல் என்றே வருகிறது. ஆனால் கண்கள் இரண்டும் பிதுங்கிச் சிவந்திருக்கின்றன. வலது கண்ணில் நிறங்கள் வெளிறித் தெரிவதாகச் சில நாட்களாகச் சொல்கிறார். உடனே மருத்துவமனையில் சேர்ந்து ஸ்டீராய்டு ஏற்றிக்கொள்ள வேண்டும் என்கிறார் கண் மருத்துவர். அவருக்குச் சர்க்கரை உண்டு, பீடியும் பிடிப்பார். ஆடி கழியட்டும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். காத்திருக்கலாமா?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: காத்திருக்கக் கூடாது. இந்தப் பதில் அச்சேறி உங்கள் கைக்கு வருவதற்குள் அவர் மருத்துவமனையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிடும் அதே எதிர்ப்புப் புரதங்கள், கண்ணுக்குப் பின்னால் உள்ள தசைகளையும் கொழுப்பையும் வீங்க வைக்கின்றன. சுற்றிலும் எலும்பு இருப்பதால் வீக்கத்துக்கு இடமின்றிக் கண் முன்னே தள்ளப்படுகிறது. தடித்த தசைகள் பின்பக்கத்தில் பார்வை நரம்பை நெருக்கத் தொடங்கினால், எழுத்து மங்குவதற்கு முன்பே நிறம் வெளிறலாம், குறிப்பாகச் சிவப்பு. குங்குமச் செப்பை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணுக்கு அது பழுப்பாகத் தெரிந்தால் அது அவசர நிலை. தெரியாவிட்டாலும் மருத்துவர் சொன்னதைத் தள்ளிப்போட வேண்டாம். கார்பிமசோல் ஹார்மோனைக் குறைக்குமே தவிர, கண்ணில் நடக்கும் அழற்சியை நிறுத்திவிடாது. அதற்காக மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஹார்மோன் கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குக் கேடுதான்.

நரம்பு நெருக்கப்படும் நிலையில் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 500 முதல் 1000 மில்லிகிராம் வரை, முதல் வாரத்தில் அடுத்தடுத்தோ ஒருநாள் விட்டு ஒருநாளோ மூன்று முறை ரத்தக் குழாய் வழியே ஏற்றுவது வழக்கம். சர்க்கரை நிச்சயம் ஏறும், இன்சுலின் தேவைப்படலாம். கல்லீரலையும் மஞ்சள் காமாலைக் கிருமியையும் முன்கூட்டியே சோதிப்பார்கள். இவற்றைக் கவனிக்கத்தான் சேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். சர்க்கரையைக் காட்டி மருந்தை மறுத்தால், கட்டுப்படுத்தக் கூடிய ஒன்றுக்குப் பயந்து, திரும்பாத பார்வையை இழக்க நேரலாம். இரண்டு வாரத்தில் போதிய பலன் இல்லையென்றால், கண்குழியின் எலும்புச் சுவரில் ஒரு பகுதியை எடுத்து நரம்புக்கு இடம் ஏற்படுத்தும் அறுவைச் சிகிச்சை செய்வார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்குழி நோய்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு; தொலைவுக்கு அலைய வேண்டியதில்லை.

இந்தக் கண் நோய்க்கென அமெரிக்காவில் 2020-இல் அனுமதி பெற்ற டெப்ரோடுமுமாப் என்ற மருந்தைப் பற்றிச் சிலர் எழுதிக் கேட்கிறார்கள். விலை மிக அதிகம். சர்க்கரையை ஏற்றும், காது கேட்கும் திறனையும் பாதிக்கலாம். உங்கள் கணவரின் நிலையில் அதைத் தேடி நாளைக் கடத்துவது சரியல்ல.

பீடியை இன்றே நிறுத்த வேண்டும். புகை இந்த நோயை முற்றச் செய்வதோடு, ஸ்டீராய்டின் பலனையும் குறைத்துவிடுகிறது. தைராய்டுக்கு ரேடியோ அயோடின் என்ற கதிரியக்க மருந்து கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், கண் மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். அது கண்ணை மோசமாக்கக் கூடும். அவர் தூங்கும்போது இமை முழுதாக மூடாமல் வெள்ளை விழி கோடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடலாம். இரவில் போட களிம்பு கேட்டு வாங்குங்கள். பிதுக்கம், இரட்டைப் பார்வை, இமை ஆகியவற்றைச் சீர்செய்யும் அறுவைகள், நோய் அடங்கிச் சுமார் ஆறு மாதம் மாறாமல் இருந்த பிறகு, அந்த வரிசையிலேயே நடக்கும்.