பூஸ்டர் வாங்கும் முன் அந்த ஸ்பிளிட்டரைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் கேபிள் இன்டர்நெட். ஒரு மாதமாக நேரம் காலம் இல்லாமல் இணைப்பு அறுந்து, தானாகத் திரும்ப வருகிறது. பிரவுசரில் மோடத்தின் நிலவரப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில் டவுன்ஸ்ட்ரீம் பவர் மைனஸ் 12, அப்ஸ்ட்ரீம் பவர் 51 என்று இருக்கிறது. டிவிக்கும் மோடத்துக்கும் சேர்த்து, ஒரே கேபிளை நான்காகப் பிரிக்கும் நான்கு வழி ஸ்பிளிட்டர் போட்டிருக்கிறோம். கடைக்காரர் சிக்னல் பூஸ்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். "நெட் ஸ்லோ" என்பதோடு நிறுத்தாமல் இரண்டு எண்களையும் எழுதினீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

டவுன்ஸ்ட்ரீம் என்பது வெளியிலிருந்து உங்கள் மோடத்துக்கு வந்து சேரும் சிக்னல். அது மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 15 வரை மோடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் மைனஸ் 12-இல் ஓடுவது கிணற்றுச் சுவர்மேல் நடப்பது மாதிரி. அப்ஸ்ட்ரீம் இதற்கு நேர் எதிர். உங்கள் மோடம் எவ்வளவு சத்தம் போட்டால் மறுமுனைக்குக் கேட்கிறது என்பதுதான் அந்த எண். நாற்பதுகளில் இருந்தால் சாதாரணப் பேச்சு; 50-ஐத் தாண்டினால் தொண்டை கிழியக் கத்துகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் கத்த முடியாதபோதுதான் இணைப்பு அறுகிறது.

வருகிற சிக்னலும் மெலிவு, போகிற சிக்னலும் கஷ்டம் என்றால், இரண்டும் சேர்ந்து போகும் பாதையில் ஏதோ ஒன்று விழுங்குகிறது. முதல் சந்தேகம் உங்கள் ஸ்பிளிட்டர்மேல்தான். இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு கிளைக்கும் சுமார் 3.5 டெசிபல் (சிக்னல் பலத்தின் அளவு) குறைக்கும். நான்கு வழி என்றால் சுமார் 7. மற்ற மூன்று துளைகளில் ஒன்றுமே மாட்டாமல் விட்டாலும் இந்த இழப்பு குறையாது. அதைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் கேபிளை நேராக மோடத்தில் மாட்டுங்கள். கணக்குப்படி மைனஸ் 12 என்பது மைனஸ் 5 ஆக வேண்டும், 51 என்பது 44-க்கு இறங்க வேண்டும். இறங்கினால் செலவே இல்லாமல் வேலை முடிந்தது. டிவிக்கும் லைன் வேண்டுமென்றால் நல்ல இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஒன்று போதும். அதன்மேல் 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். டிஷ் ஆன்டெனாவுக்கென்றே வரும் ஸ்பிளிட்டர் பார்க்க அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும், ஆனால் அவற்றில் பல 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் வேலை செய்யும். ஏமாந்துவிடாதீர்கள்.

எண்கள் அசையவில்லையா? கேபிள் முனைகளில் திருகி மாட்டும் கனெக்டர்களைப் பாருங்கள். என் வீட்டில் ஒருமுறை இதே தொல்லை. மூன்று வாரம் மோடத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வெளிச்சுவரில் இருந்த இணைப்பைத் திருகிப் பிரித்தால், நடுவில் இருக்கும் செம்புக் கம்பி பச்சை பூத்து நிற்கிறது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர். கேபிளின் முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டதும் சரியாகிவிட்டது. திருகும்போது கையால் இறுக்கிவிட்டு, ஸ்பேனரால் லேசாக ஒரு திருப்பு. அதற்கு மேல் முறுக்கினால் மோடத்தின் முனையே பெயர்ந்துவிடும்.

இதற்குப் பிறகும் அதே எண்கள் என்றால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. ஸ்பிளிட்டர் இல்லாமல் நேராக மாட்டிய நிலையில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று ஆரம்பிப்பார்கள். படம் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் லைனுக்கு வந்துவிடும்.

பூஸ்டர் ஏன் வேண்டாம் என்றால், அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். மோடத்தின் அதே நிலவரப் பக்கத்தில் எஸ்என்ஆர் என்று ஓர் எண் இருக்கும்; இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதுதான் அது. 33-க்குக் கீழே இருந்தால் பூஸ்டரால் அதை ஏற்றவே முடியாது. தவிர, மலிவான பூஸ்டர்கள் பல வருகிற சிக்னலை மட்டும்தான் பெருக்கும், போகிற சிக்னலைத் தொடாது. உங்கள் 51 அப்படியே இருக்கும், கொஞ்சம் கூடினாலும் கூடும்.

கேள்வி: எனக்கு எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனாலும் படுக்கையறையில் வேகமே இல்லை. கேபிளை மாற்றலாமா?

பதில்: கேபிளைத் தொடாதீர்கள். லேப்டாப்பை லேன் கேபிளால் மோடத்தோடு இணைத்து வேகம் பாருங்கள். அங்கே முழு வேகம் வந்தால் பிரச்சினை வைஃபை. ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தோ அலமாரிக்குள்ளிருந்தோ வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள். லேன் கேபிளிலும் இரவு எட்டு மணிக்கு மட்டும் வேகம் படுத்து, காலையில் பறக்கிறதென்றால், அது அந்தப் பகுதியில் எல்லோரும் ஒரே லைனைப் பகிர்வதால் வரும் நெரிசல். வீட்டுக்குள் எதை மாற்றினாலும் அது தீராது.