பாட்டியின் விரல்களும் பேத்தியின் படிப்பும்

அன்புள்ள அம்மா,

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மகளோடு வந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "மூட்டுவாதத்துக்கு நானோ மருந்து என்கிறாள். இதை நம்பிப் படிக்க வைக்கலாமா?" அன்று பலர் காத்திருந்ததால் பாதியில் நிறுத்தினேன். மீதியை எழுதுகிறேன்.

தாராளமாகப் படிக்க வையுங்கள். ஆனால் 'நானோ' என்று பெயர் ஒட்டிய இளநிலைப் பட்டத்தில் சேர்க்காதீர்கள்.

பாட்டிக்கு விடிந்து ஒரு மணி நேரம் வரை விரல் மடங்குவதில்லை, தண்ணீர்ச் சொம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குகிறார் என்று சொல்லிவிட்டு உங்கள் மகள் கேட்டாள்: "வலி விரலில். மாத்திரை ஏன் ஈரலைத் தொட வேண்டும்?" இந்தத் துறையே அந்தக் கேள்வியில்தான் பிறந்தது.

மூட்டுவாதத்தில் ஒரு வகையான முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் நல்ல மருந்துதான். ஆனால் அது ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றுகிறது. அதனால்தான் ஈரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதிக்கிறார்கள். மூட்டுக்குள்ளேயே ஊசி போட்டாலோ, சிறிய மூலக்கூறுகள் பல சில மணி நேரத்தில் வடிந்துவிடுகின்றன. ஆகவே மருந்தைக் கொழுப்பாலான நுண்குமிழியிலோ, உடலுக்குள் மெல்லச் சிதையும் பாலிமர் உருண்டையிலோ அடைத்து அனுப்பிப் பார்க்கிறார்கள். வீங்கிய மூட்டில் ரத்தக்குழாய்ச் சுவர் கசியும். 100 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்கள் அந்த இடுக்கு வழியே வெளியேறி மூட்டுச் சவ்வில் தங்க, அங்கே குவிந்திருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் அவற்றை விழுங்குகின்றன. அழற்சியை மூட்டிவிடுவதில் அந்தச் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நோய் திறந்துவிட்ட வழியிலேயே மருந்து போகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

அவளிடம் ஒன்றை மறைக்க வேண்டாம். புற்றுநோய்க்கு இப்படிப்பட்ட கொழுப்புக் குமிழி மருந்து 1995இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முடக்குவாதத்துக்கான முயற்சிகளில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வகத்திலும் விலங்குச் சோதனையிலுமே இருக்கின்றன. அவள் பொறுமைசாலியாக இருக்க வேண்டும்.

எவ்வளவு பொறுமை? மருந்துத் துகள்களை மெல்லிய சவ்வுப் பையில் கட்டி, 37 டிகிரி வெப்பமுள்ள திரவத்தில் மூழ்கவிட்டு, மணிக்கு ஒரு தடவை சில மில்லி எடுத்து, எவ்வளவு மருந்து வெளியேறியது என்று அளப்பார்கள். சில சமயம் இரவெல்லாம். மறுநாள் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கான அடித்தளம் நான்கு வருட பி.ஃபார்ம், அதாவது மருந்தியல் இளநிலைப் பட்டம். இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்தால் போதும், நீட் வேண்டாம். பக்கத்திலேயே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது. பிறகு முதுநிலைச் சேர்க்கைக்கான ஜிபேட் தேர்வு எழுதி, இரண்டு வருட எம்.ஃபார்மில் ஃபார்மசூட்டிக்ஸ் (மருந்தை உரிய வடிவில் தயாரிக்கும் துறை) பிரிவு. முனைவர் பட்டத்துக்கு நேரம் வரும்போது, காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நானோ அறிவியல் மையத்தையும் எட்டிப் பார்க்கலாம்.

இடையில் மனம் மாறினாலும் பி.ஃபார்ம் வீணாகாது. மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாடு, மருத்துவமனை மருந்தகம், அரசு மருந்து ஆய்வாளர் (டிரக் இன்ஸ்பெக்டர்) தேர்வு என்று வழிகள் இருக்கின்றன. பெயரில் மட்டும் நானோ உள்ள இளநிலைப் பட்டத்தில் இந்தப் பிடிமானம் கிடையாது. அதனால்தான் அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

பாட்டியிடமும் சொல்லுங்கள்: பேத்தியின் மருந்து வரும் என்று இப்போதைய மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறை என்று மருத்துவர் எழுதியிருந்தால், ஒருமுறைதான். மறந்தும் தினமும் போட்டுவிட வேண்டாம்.