மாராவிச்சைப் பாதிதான் பாத்திருக்கான் உங்க தம்பி

கேள்வி: என் தம்பி காலேஜ் பாஸ்கெட்பால் டீம்ல எப்பவும் அவன்தான் அதிக பாயின்ட். அமெரிக்கப் பிளேயர் பீட் மாராவிச்தான் அவனுக்கு எல்லாம். பாலை யாருக்கும் குடுக்க மாட்டேங்கிறான்னு கோச் திட்டுறார், அவன் ஆட்டத்தையே விட்டுடுவேன்ங்கிறான். நான் என்ன சொல்றது?
- ஒரு அக்கா, திருச்சி

பதில்: தம்பியோட ஆசை தப்பே இல்லங்க. மாராவிச் லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காக 1967ல இருந்து 1970 வரைக்கும் மூணே சீசன், 83 மேட்ச், 3,667 பாயின்ட், மேட்சுக்கு சராசரி 44.2. அதுவும் தூரத்துல இருந்து போட்டா மூணு பாயின்ட் தர்ற கோடே இல்லாத காலம், மொத வருஷப் பசங்க மெயின் டீம்ல ஆடக்கூடாதுன்னு ரூல் வேற. இன்னைக்கு நினைச்சாலும் மலைப்பா இருக்கு.

ஆனா அவர் மேட்சுக்கு கிட்டத்தட்ட 38 தடவை ஷூட் பண்ணார், கோச் அவரோட அப்பா பிரெஸ் மாராவிச், மகன் ஷூட் பண்றதுதான் அங்க பிளானே. அப்படி ஆடியும் அந்த மூணு வருஷத்துல டீம் ஒரு தடவைகூட காலேஜ்களுக்கான தேசியப் போட்டியான என்சிஏஏ டோர்னமென்ட்டுக்குப் போகல. அப்புறம் அமெரிக்காவோட ப்ரொஃபஷனல் லீக் என்பிஏ, 1977ல நியூயார்க் நிக்ஸ் டீமுக்கு எதிரா ஒரே மேட்ச்ல 68 பாயின்ட், அடுத்த வருஷமே முட்டி அடிபட்டுச்சு, 1980ல ரிட்டயர், சாம்பியன் பட்டம் கடைசி வரைக்கும் கெடைக்கல. 1988ல பொழுதுபோக்கா ஆடிட்டு இருந்தப்பவே இதயம் நின்னு 40 வயசுலயே போயிட்டார், பிறவியிலேயே ஒரு முக்கியமான ரத்தக்குழாய் இல்லாம இருந்திருக்கு, இதை எப்ப நினைச்சாலும் எனக்கு மனசு ஆறாது.

தம்பிக்கு நீங்க காட்ட வேண்டியது அவரோட பாஸ்களை. முதுகுக்குப் பின்னாடி, காலுக்கு நடுவுல, ஆளைப் பாக்காமலே குடுக்குறதுன்னு அவர் குடுத்த பாஸ்களுக்காகவே கூட்டம் வந்துச்சு! 2024ல அந்த 3,667ஐத் தாண்டின அயோவா பொண்ணு கெய்ட்லின் கிளார்க்கையும் பாக்கச் சொல்லுங்க, நாலு வருஷத்துல 3,951 பாயின்ட், கடைசி சீசன்ல நாட்டுலயே அதிக பாயின்ட்டும் அவங்கதான் அதிக அசிஸ்ட்டும் (அடுத்தவங்க பாயின்ட் எடுக்கக் குடுக்குற பாஸ்) அவங்கதான், டீமை ரெண்டு வருஷம் தொடர்ச்சியா ஃபைனலுக்கும் கூட்டிட்டுப் போனாங்க.

கோச்கிட்ட நீங்களே ஒரு தடவை பேசுங்க. ஷூட்டே பண்ணாதங்கிறாரா, இல்ல ரெண்டு பேர் மறிக்கும்போது காலியா நிக்கிறவனுக்குக் குடுங்கிறாரா? ரெண்டாவதுன்னா அவர் பக்கம்தான் நியாயம், தம்பிகிட்ட அதைத் தயங்காம சொல்லுங்க.