சமய பாடம் இருக்கும்போது மெய்யியலும் ஒழுக்கவியலும் எதற்கு?

மலையகப் பெற்றோர் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான் இது.

மெய்யியல் என்பது ‘இது உண்மைதானா, எப்படித் தெரியும்?’ என்று கேட்டுப் பழகுவது. அதன் ஒரு கிளையான ஒழுக்கவியல் ‘இப்படிச் செய்வது சரியா, ஏன்?’ என்று கேட்கிறது.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். மழை நாளில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று சில கிலோவைக் கழிப்பார்கள். ‘களவெடுக்காதே’ என்று மட்டும் படித்த பிள்ளைக்கு அங்கே விடை கிடைக்காது. கழிப்பது நியாயமா, எவ்வளவு வரை, அதைத் தீர்மானிப்பது யார் என்று துருவ வேண்டியிருக்கிறது. (அம்மாவின் கணக்கில் இரண்டு கிலோ குறைந்ததைப் பார்த்த பிள்ளை, ஆசிரியரைவிட நன்றாகவே இதைப் பேசும்.) விதிகள் எல்லா நிலைமைகளையும் முன்கூட்டியே கண்டு எழுதப்பட்டவை அல்ல; அதனால்தான் இந்தப் பயிற்சி தேவைப்படுகிறது.

1970களில் அமெரிக்காவில் மத்தியூ லிப்மன் என்ற மெய்யியல் பேராசிரியர் இதற்கென ஒரு வழியை உருவாக்கினார்: வட்டமாக உட்கார்ந்து ஒரு கதையை வாசித்து, பிள்ளைகளே கேள்வி எழுப்புவது. தோட்டப் பாடசாலைக்கு இதற்கு வாங்குகள் போதும்.

இலங்கையில் சாதாரண தரம் வரை சமயம் கட்டாயம். உயர்தரக் கலைப்பிரிவில்தான் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்ற, தர்க்கத்தைக் கற்பிக்கும் மெய்யியல் சார்ந்த பாடம் வருகிறது. என் பார்வையில் அது மிகவும் தாமதம்.

மெய்யியல் படித்தால் பிள்ளை கோயிலுக்குப் போகாது என்று பலர் பயப்படுகிறார்கள். ஆனால் சைவ சித்தாந்தமே பிற மதத்தாரோடு வாதாடி வளர்ந்த மெய்யியல்தான்.