பஸ்ராவுக்குப் போன கொள்ளுத்தாத்தா

அன்புள்ள ஐயா,

பழைய பட்டாளத்துக் குடும்பங்களைப் பற்றி நீங்கள் எழுதிவருவதால் இதைக் கேட்கிறேன். நான் பெரம்பூரில் வசிக்கிறேன். என் அப்பாவின் தாத்தா முதல் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போனவர். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். 'பஸ்ராவுக்குப் போய் வந்தவர்' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். திரும்பி வந்து பல வருடம் பயிர் செய்துவிட்டு, வீட்டிலேயே காலமானார். அவர் சுபேதாராக இருந்தார் என்று பெரியப்பா அடித்துச் சொல்கிறார். எங்களிடம் மிஞ்சியிருப்பது செம்பு நிறத்தில் ஒரு பதக்கம் மட்டும். வெள்ளியில் இன்னொன்று இருந்ததாம், கஷ்ட காலத்தில் விற்றுவிட்டார்களாம். நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போய்த் தேடினேன், அவர் பெயர் இல்லை. ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். தை மாதம் பங்காளிகள் எல்லோரும் கூடுகிறோம். அவருடைய படத்தோடு பேனர் வைக்க ஏற்பாடு நடக்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நந்தம்பாக்கத்தில் பெயர் இல்லாததற்கு வருந்தாதீர்கள். வீட்டுக் கட்டிலில் இறந்தவரின் பெயர் அங்கே இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மவுண்ட் பூந்தமல்லி சாலையில் உள்ள அந்தக் கல்லறைத் தோட்டம் இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களுக்காக 1952-இல் உருவாக்கப்பட்டது. முதல் போரில் இறந்து, பராமரிக்க இயலாத பல கல்லறைகளில் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களை அங்கே ஒரு நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள். உயிரோடு ஊர் திரும்பியவர்களுக்கு அங்கே வேலை இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலும் அப்படித்தான்: போரில் இறந்தவர்களுக்கு அது பொக்கிஷம், பிழைத்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடைக்காது.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் உங்கள் வீட்டு பீரோ. அந்தச் செம்புப் பதக்கத்தை எடுத்துப் பாருங்கள். செம்பு என்றதும் யாராவது புளி போட்டுத் தேய்க்கக் கிளம்புவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். விளிம்பில் பொடி எழுத்துகள் இருக்கும். தேய்த்தால் அவைதான் முதலில் போகும்.

பதக்கத்தின் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஆடையில்லாத ஒருவன், '1914', '1918' என்ற ஆண்டுகள். இவை இருந்தால் அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். அதற்குப் பதிலாகச் சிறகு விரித்த ஒரு பெண் உருவமும், பின்னால் '1914-1919' என்ற ஆண்டுகளும் இருந்தால் அது வெற்றிப் பதக்கம். இந்த வேறுபாட்டில்தான் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கதை இருக்கிறது. வெற்றிப் பதக்கம் எல்லோருக்குமே வெண்கலத்தில்தான் வந்தது. அது கையில் இருந்தால், வீட்டில் சொல்லும் அந்த வெள்ளிப் பதக்கம் உண்மையாகவே இருந்து விற்கப்பட்டிருக்கலாம். குதிரைக்காரன் பதக்கத்தின் விஷயம் வேறு. அதைப் போர் வீரர்களுக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். 65 லட்சம் அளவில் வெள்ளியில் அடிக்கப்பட்ட அந்தப் பதக்கம், செம்பு நிறத்தில் சுமார் 1,10,000 மட்டுமே வெளிவந்தது. அவற்றில் பெரும்பாலானவை சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படையினருக்குப் போயின. உங்களிடம் இருப்பது செம்புக் குதிரைக்காரன் என்றால், உங்கள் கொள்ளுத்தாத்தா துப்பாக்கி பிடித்தவராக இருக்க வாய்ப்பு குறைவு. கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவர், தண்டவாளம் போட்டவர், சாலை வெட்டியவர், சமைத்தவர், இவர்களில் ஒருவராக இருந்திருப்பார்.

இதைப் படித்ததும் பெரியப்பாவின் முகம் எப்படிப் போகும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. பட்டாளத்து முன்னோரைத் தேடுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு வீரரைத்தான் தேடுகிறார்கள். மெசபடோமியாவில், அதாவது பஸ்ரா இருக்கும் இன்றைய ஈராக்கில், நடந்ததைப் பாருங்கள். 1914 நவம்பரில் பிரிட்டிஷ் இந்தியப் படை பஸ்ராவைப் பிடித்தது. துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்க மேடை போதவில்லை. உள்ளே போக ரயில் இல்லை, சாலை இல்லை, டைக்ரிஸ் ஆற்றில் போதுமான படகும் இல்லை. அந்தக் குறைதான் காயம்பட்டவர்களை வாரக்கணக்கில் தவிக்கவிட்டது. கூட் நகரில் முற்றுகையிடப்பட்ட படையை மீட்க முடியாமல் 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைய விட்டதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதன்பிறகே துறைமுகம் கட்டினார்கள், தண்டவாளம் போட்டார்கள். ஆள் போதாமல் இந்தியச் சிறைகளிலிருந்துகூடக் கைதிகளைத் திரட்டி அனுப்பினார்கள். 1917 மார்ச்சில் பாக்தாத் விழுந்தது. இடைப்பட்ட மாதங்களில் அங்கே மூட்டை சுமந்தவர்களை விட்டுவிட்டு அந்த வெற்றியை எழுத முடியாது. அந்தப் போருக்காகக் கடல் கடந்த இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம் பேர் போர் புரியாத பிரிவினர். நம் வீட்டுப் படங்களில் தலைப்பாகையோடு நிற்பவர்களில் கணிசமானவர்கள் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். எனக்கு இதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

சுபேதார் விவகாரத்தைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியோர் அதிகாரி வரிசை. அந்தக் காலத்து 'இந்தியன் ஆர்மி லிஸ்ட்' என்ற அச்சுப் பட்டியலில் படைப்பிரிவு வாரியாக அவர்கள் பெயர் வரும். பழைய தொகுதிகள் சில இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. சிப்பாய், நாயக், ஹவில்தார் எல்லாம் அதில் இருக்க மாட்டார்கள். அதனால் சுபேதார் என்பது உண்மையானால் ஆள் அகப்படுவார். படைப்பிரிவு தெரியாமல் தேடினால் மட்டும் தலை சுற்றும்.

அதனால்தான் விளிம்பைப் பார்க்கச் சொல்கிறேன். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று சுருக்கமாக ஆங்கிலத்தில் இருக்கும். 'லேபர்', 'போர்ட்டர்' என்று பொருள்படும் சுருக்கம் இருக்கிறதா, 'சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' (ராணுவப் பொறியியல் படை) என்று இருக்கிறதா, 'பயனியர்ஸ்' (சாலை, கட்டுமான வேலையும் தெரிந்த காலாட்படை) என்று இருக்கிறதா என்று பாருங்கள். மெட்ராஸ் சாப்பர் என்றால் தலைமையிடம் பெங்களூரு. 1780-இல் தொடங்கி இன்றும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்று இருக்கிற பிரிவு அது. பெயரின் எழுத்துக்கூட்டல் உங்கள் வீட்டு வழக்கத்தோடு பொருந்தாது. வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பான், அல்லது தெலுங்கு பேசும் குமாஸ்தா எழுதியிருப்பார். முனுசாமி எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறார் என்பதைக் கேட்டால் முனுசாமியே மிரண்டுபோவார். எண்ணும் பிரிவும்தான் பிடி. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆவணக் காப்பகத்துக்குள்ளும் நுழையாதீர்கள்.

சென்னையில் இருப்பதால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் நினைவுக்கு வந்திருக்கும். ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 1895 வரை மெட்ராஸ் ராணுவம் என்று தனியாக ஒன்று இருந்தது; அந்த ஆண்டு மூன்று மாகாணப் படைகளையும் ஒரே தலைமையில் சேர்த்துவிட்டார்கள். அதற்கு முற்பட்ட மாகாண ராணுவத் துறைக் காகிதங்கள் எழும்பூரில் உண்டு. உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துப் பட்டாளக் காகிதங்களுக்கு டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தைப் பார்க்க வேண்டும். அதன் பட்டியலை 'அபிலேக் படல்' தளத்தில் வீட்டிலிருந்தே துழாவலாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களைப் பற்றி இணையத்தில் நிறைய வழிகாட்டிகள் கிடைக்கும். அவற்றில் முக்கால்வாசி, இந்தியாவில் வேலை பார்த்த தம் முன்னோரைத் தேடும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டவை. சாதாரணச் சிப்பாய்க்கோ கூலிக்கோ அங்கே தனிக் கோப்பு கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

எழும்பூரைவிட உங்களுக்குப் பயன்படக்கூடியது குடியாத்தம் தாலுகா அலுவலகம். போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் புறம்போக்கு நிலம் ஒப்படை செய்த வழக்கம் மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. 'திரும்பி வந்து பயிர் செய்தார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நிலம் எப்படி வந்தது? பூர்வீகமா, வாங்கியதா, ஒப்படையா? பழைய பட்டா, கிரயப் பத்திரம், அ-பதிவேடு (கிராமத்து நில விவரப் பதிவேடு) ஆகியவற்றில் அதற்குப் பதில் இருக்கலாம். ஒப்படை என்று தெரிந்தால், அதற்கான ஆணையில் அவருடைய எண்ணும் பிரிவும் குறிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் வயதான பெண்களிடம் இதைக் கேளுங்கள். ஆண்கள் பதவியைச் சொல்வார்கள். எந்த நிலம் யார் பெயரில், எப்போது வந்தது என்பது பாட்டிமார்களுக்குத்தான் தெரியும்.

ராணுவப் பதிவுத் தாள் கிடைத்துவிட்டால் அதில் தகப்பன் பெயர், ஊர், தாலுகா எல்லாம் இருக்கும். சாதிக்கும் ஒரு பத்தி உண்டு. அதைப் பார்த்துப் பங்காளிகளுக்குள் சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல.

இதே கேள்வியோடு வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள், அவர்கள் தேடுவது இரண்டாம் போருக்குப் போன தாத்தாக்களை. அந்த நண்பர்களே, உங்களுக்கு வேலை கொஞ்சம் எளிது. டிஸ்சார்ஜ் புத்தகமோ பென்ஷன் புத்தகமோ இருந்தால், அந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு உறவுமுறைச் சான்றோடு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூரு. பழைய தாள்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவதும் உண்டு, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். தாத்தா சிங்கப்பூரில் இருந்தார், 1942 பிப்ரவரிக்குப் பிறகு மூன்று வருடம் தகவலே இல்லை என்று வீட்டில் பேச்சிருந்தால், ஜப்பானியரிடம் சிறைப்பட்டாரா, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தாரா என்ற இரண்டையும் சேர்த்தே தேடுங்கள்.

பெரம்பூர் நண்பரே, பேனருக்கு வருகிறேன். படம், பெயர், ஊர், '1914-18 போரில் பணியாற்றியவர்' என்று மட்டும் போடுங்கள். 'பஸ்ரா' என்று சேர்ப்பதிலும் தவறில்லை. அவ்வளவு தொலைவில் உள்ள ஒரு துறைமுகத்தின் பெயரை அந்த வீட்டில் யாரும் கற்பனையாக உருவாக்கியிருக்க மாட்டார்கள். 'சுபேதார்' மட்டும் இப்போதைக்கு வேண்டாம். பட்டியலில் கண்டுபிடித்த பிறகு பெரியப்பாவே மைக் பிடித்து அறிவிக்கட்டும். பதக்கத்தின் விளிம்பைச் சாய்வான வெளிச்சத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்து தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, முதல் எண்ணையும் கடைசிச் சொல்லையும் படிக்க முடிந்தால் போதும்.